வளையத்தில் எழுத்து இல்லாத மெடல்

கதிர்காமம், புதுச்சேரி
3 ஜூலை 2024

தங்கச்சி குஞ்சம்மாளுக்கு அண்ணன் அம்மாவாசை எழுதுவது.

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. மேலே உள்ள ஒரு வரிக்கே பத்து நிமிடம் ஆயிற்று. ஆனால் எனக்கு வேறு அவசரம் என்ன இருக்கிறது?

போன வருடம் தை மாதம் அரசுப் பள்ளியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தேன். எழுபத்தைந்து வயதில் சிலேட்டு வாங்கியவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். மாலா டீச்சர் முதல் நாளே, "பெரியவரே, பேரு எழுதக் கத்துக்கினா போதும் இல்ல?" என்று கேட்டார். "பேரு கெடக்குதும்மா, எனக்குக் கடுதாசி எழுதணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. இப்போது அவர்கள் யாரும் கடிதம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

உன் அண்ணி செல்வாம்பாள் இருந்தவரை உனக்கு அவள்தான் எழுதினாள். நீ எழுதியதை அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் கடிதமும் நின்றுவிட்டது. அவள் பெட்டியில் கட்டி வைத்திருந்த உன் பழைய கடிதங்களை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நானே படிக்கிறேன். அவள் படித்துக் காட்டியபோது எல்லாவற்றிலும் "அண்ணன் நலமா" என்று இருந்தது. நான் படிக்கும்போது அது எங்கேயும் இல்லை. "உங்கள் வீட்டுக்காரர் இன்னும் அதே தலைக்கனத்தோடுதான் இருக்கிறாரா" என்று இருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. தலைக்கனம் என்ற சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டேன் என்று சந்தோஷம்தான் வந்தது.

தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். வேலைக்கு இல்லை, சும்மா. முதலாளி இளஞ்செழியன் பழைய காசும் மெடலும் சேர்க்கிறவர். ஒரு ஜெர்மன் பட்டாள மெடல் வாங்கியிருக்கிறார். அடித்த பட்டறையின் முத்திரை அதில் இல்லை. "நாப்பத்தோரு வருசம் தகட்டுல அச்சு அடிச்ச ஆளு நீ. எவன் அடிச்சதுன்னு பாத்து சொல்லுண்ணே" என்று என்னிடம் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி உனக்கு எழுதவேண்டியது இருக்கிறது. இன்றைக்குக் கை வலிக்கிறது.

பதில் போடு. நானே படிப்பேன்.

அம்மாவாசை

*

காரைக்கால்
12 ஜூலை 2024

அண்ணனுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்து, விடுதிப் பிள்ளைகள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் படிக்கக் கற்றது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். நீங்கள் பட்டறைக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதை நான் மறந்ததில்லை. ஆனால் அண்ணி என் வரிகளை உங்களுக்குப் படித்துக் காட்டவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

போன் நம்பர் கேட்காதீர்கள். போனில் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள்.

போகட்டும். மெடல் என்ற சொல்லை எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மறந்துவிட்டதா? 1978 ஆவணி. நம் வீட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை அரிகிருஷ்ணன் அடுத்த மாதம் பிரான்சுக்குப் போக இருந்தவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தப் பெரியவர் துண்டைப் பிரித்து ஒரு மெடலைச் சபைக்குக் காட்டினார். அவர் அப்பா முதல் யுத்தத்துக்குப் போனபோது, காயம்பட்டுக் கிடந்த ஜெர்மன்காரன் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். அவன் தன் சட்டையிலிருந்து கழற்றிக் கொடுத்த வெள்ளி மெடல் என்றார்.

நீங்கள் இடுப்பிலிருந்து காந்தத்தை எடுத்து அதன்மேல் வைத்தீர்கள். ஒட்டிக்கொண்டது. "வெள்ளின்னீங்க, இரும்பால்ல இருக்குது! முத்திரையும் காணோம். மாதா கோயில் திருவிழாவுக்கு இந்த மாதிரி சிலுவய நாங்களே ஒரு நாளைக்கு ஆயிரம் அடிக்கிறோம் பெரியவரே" என்று சிரித்தீர்கள். கூட நாலு பேர் சிரித்தார்கள். அவர் மெடலைத் துண்டில் மடித்துக்கொண்டு எழுந்தார். தட்டு மாற்றவில்லை.

அதன்பிறகு எனக்குத் தட்டு மாற்ற யாரும் வரவும் இல்லை. நான் காரைக்காலுக்கு வந்தேன். விடுதியில் வார்டனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

இனி எழுதுவதானால் மெடலைத் தவிர எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்.

குஞ்சம்மாள்

*

கதிர்காமம்
24 ஜூலை 2024

குஞ்சம்மா,

என்னை நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். முதலில் வேறு யாருக்கோ எழுதிய கடிதம் மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மெடலைத் தவிர எழுதச் சொன்னாய். முடியவில்லை. இது அதே மெடல்தான்.

அரிகிருஷ்ணனின் தங்கை அவர்கள் வீட்டை விற்றுவிட்டாள். இடிப்பதற்கு முன்பு பழைய சாமான்களை மொத்தமாக இளஞ்செழியன் வாங்கினார். துண்டைப் பிரித்து என் கையில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ்ப்பக்கத்து ஓரத்தில் சின்ன நசுங்கல். நிச்சயத்தன்றே பார்த்தது. உலோகத்தில் ஒரு தடவை பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

பழக்கத்தில் காந்தத்தை எடுத்து வைத்தேன். ஒட்டியது. "போலி, மொதலாளி" என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னாண்ணே, தலைகீழா சொல்ற? ஒட்டலன்னாதான் இதுல சந்தேகப்படணும். இதும் பேரே இரும்புச் சிலுவை. நடுவுல இரும்புதான். சுத்தி இருக்கிற சட்டம்தான் வெள்ளி."

"முத்திரை இல்லியே?"

"நெறைய மெடலு முத்திரை இல்லாமதான் குடுத்திருக்கான். அதனாலதான உன்னக் கேக்கிறேன். உனக்கு இன்னா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி? இந்தா, தண்ணி குடி."

அன்றைக்கு நான் செய்தது தப்பு, குஞ்சம்மா. இந்த வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுத்து தெரியாமல் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். இளஞ்செழியனிடம் முத்திரை உள்ள மெடல்களின் படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தினமும் போய்ப் பதினாறு நாள் பார்த்தேன். அந்தச் சிலுவையின் வெள்ளிச் சட்டத்தில் ஓரம் முழுக்க மணி மணியாக இருக்கும். நம் மெடலில் சிலுவையின் வலது கைக்குக் கீழ் மூலையில் இரண்டு மணி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறது. போன வியாழக்கிழமை ஒரு படத்தில் அதே மூலை, அதே இரண்டு மணி! மெடலைத் தொங்கவிடும் வளையத்தில் அந்தப் பட்டறையின் எழுத்தும் இருக்கிறது. பெர்லின் ஊரில் இருந்த பட்டறையாம். பேரை இளஞ்செழியன் சொன்னார். அதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் அச்சு வெட்டும்போது கை தவறியிருக்கிறான். தட்டாஞ்சாவடியில் உட்கார்ந்து அவனைப் பிடித்துவிட்டேன்! பட்டறையில் எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தேன். சொல்ல ஆள் இல்லை. உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

அண்ணன்

*

காரைக்கால்
2 ஆகஸ்டு 2024

அண்ணா,

நீ சந்தோஷமாக இருக்கிறாய். கடிதம் முழுக்கத் தெரிகிறது.

அண்ணிக்குக்கூட நான் சொல்லாத ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன். நிச்சயம் நின்ற நான்காம் நாள் அரிகிருஷ்ணன் என்னைத் தேடி வந்தார். தையல் வகுப்பு வாசலில், சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா கோவம் எனக்கு இல்ல. நீ சரின்னு சொல்லு, பதிவுக் கல்யாணம் பண்ணிக்கலாம். எங்கூட வந்துடு" என்றார்.

"அந்த மெடலு பொய்யா?" என்று கேட்டேன்.

"தாத்தா சொன்னது. எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணனுக்குத் தெரியும். அது சொன்னா சொன்னதுதான். பொய்யத் துண்டுல மடிச்சி வச்சிக் கும்புடுற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

இப்படியே சொன்னேன். ஒரு சொல் மாறவில்லை. அவர் ஊன்றிய காலை எடுத்துப் பெடலில் வைத்தார். பிறகு போய்விட்டார்.

உன்னால்தான் என் கல்யாணம் நின்றது என்று ஊர் பேசியது. நானும் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் உள்ளுக்குள், பொய்க்காரக் குடும்பத்திடமிருந்து தப்பித்தோம் என்ற நிம்மதி ஒன்று இருந்தது. இந்த அறையில் தனியாக இருப்பதற்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாற்பத்தாறு வருடம் போதுமானதாக இருந்தது. இரண்டு மணி ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டாய். கை வேறு தட்டினார்கள் என்கிறாய்.

பதில் எழுதாதே.

குஞ்சம்மாள்

*

கதிர்காமம்
13 ஆகஸ்டு 2024

குஞ்சம்மா,

எழுதாதே என்று எழுதியிருக்கிறாய். நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று அந்த வரியை நான்கு தடவை படித்தேன். செல்வாம்பாள் இருந்திருந்தால் எனக்கு இதைப் படித்துக் காட்டியிருக்க மாட்டாள்.

மெடலைப் பார்த்த அன்று, உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நான் எழுத்துக் கற்றது உனக்கு எழுதத்தான். முதல் கடிதத்திலேயே ஒன்றை மறைத்தால் பிறகு என்ன எழுதுவது?

சொன்னது சரியா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் சந்தோஷத்தைச் சேர்த்து எழுதியது சரியில்லை.

வகுப்புக்கு இந்த வாரம் போகவில்லை. டீச்சர் ஆள் அனுப்பினார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். "உங்களுக்கு இல்ல பெரியவரே" என்று அவரே தூரத்திலிருந்து சொல்லிவிட்டுப் போகிறார்.

அண்ணன்

*

காரைக்கால்
1 செப்டம்பர் 2024

அண்ணா,

ஒரே ஒரு கேள்வி. இந்த மெடலை இன்னார்தான் அடித்தார்கள் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய்? அன்றைக்கும் நீ உறுதியாகத்தான் சொன்னாய்.

குஞ்சம்மாள்

*

கதிர்காமம்
16 செப்டம்பர் 2024

குஞ்சம்மா,

உன் கேள்வியைப் படித்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். நான் இதுவரை எதுவும் கண்டுபிடிக்காதவன் மாதிரி முதலிலிருந்து பார்த்தேன். எழுதவே எட்டு நாள் ஆயிற்று. பொறுமையாகப் படி.

இரண்டு மணி ஒட்டியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. அச்சில் அழுக்கு அடைத்திருந்தாலும் அப்படி வரும். அதனால் வேறு என்ன இருக்கிறது என்று தேடினேன். அந்த மணிகளுக்கு மேலே முடி போல ஒரு கோடு மேடாக ஓடுகிறது. அச்சில் விரிசல் விட்டால்தான் அப்படி மேடாக வரும். படத்தில் உள்ள மெடலிலும் அதே இடத்தில் அந்தக் கோடு இருக்கிறது. ஆனால் அதில் நீளம் அதிகம். அடிக்க அடிக்க அச்சின் விரிசல் வளரும். அப்படியானால் நம் மெடல் முதலில் அடித்தது, படத்தில் உள்ளது பிறகு அடித்தது.

மூன்றாவது, நடுவில் உள்ள இரும்பு. அதில் 1914 என்று எண் இருக்கிறது. நாலு என்ற எண்ணின் கால் இரண்டு மெடலிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது. அதே பட்டறையின் முத்திரை உள்ள வேறு நான்கு படங்களில் இது எதுவும் இல்லை. அவை வேறு அச்சில் அடித்தவையாக இருக்கும். ஒன்று மட்டும் பொருந்தியிருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். மூன்றும் பொருந்துகிறது. அதனால் இரண்டையும் அடித்தது ஒரே அச்சு என்று சொல்கிறேன். இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

இது எந்த ஜெர்மன்காரனின் சட்டையில் இருந்தது? தெரியாது. தாத்தா தண்ணீர் கொடுத்தாரா, கீழே கிடந்ததை எடுத்தாரா, யாரிடமாவது வாங்கினாரா? தெரியாது. மெடல் அசல். கதை அசலா என்று உலோகம் சொல்லாது.

அன்றைக்கும் நான் இப்படிச் சொல்லியிருக்கலாம். "பெரியவரே, நான் திருவிழாச் சிலுவை அடிக்கிறவன். பட்டாள மெடல் பாத்ததில்ல. எனக்குத் தெரியல." அவ்வளவுதான். ஆனால் முப்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் என்ன அச்சடிக்கலாம் என்று அவர்கள் எழுதிக் காட்டிய தாளை அப்போதுதான் என் கையில் கொடுத்திருந்தார்கள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா அதை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து மெடல் வந்தது. அதைப் படிக்க எழுத்து வேண்டாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது.

நீ அரிகிருஷ்ணனிடம் சொன்னது உன் தப்பு இல்லை. நீ என்னை நம்பினாய்.

அண்ணன்

*

காரைக்கால்
23 செப்டம்பர் 2024

அண்ணா,

தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நானும் உள்ளே இருந்து பார்த்தேன். ஓடி வந்து திருப்பிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். மணப்பெண் எப்படி வெளியே வருவது என்று நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். மெடலை என் கண்ணால் பார்க்கவேண்டும். பட்டறைக்குத்தான் வருவேன், வீட்டுக்கு இல்லை. மாலையே பஸ் ஏறிவிடுவேன். சமைத்து வைக்காதே.

குஞ்சம்மாள்

*

கதிர்காமம்
1 அக்டோபர் 2024

குஞ்சம்மா,

சமைக்காதே என்றாய். சமைத்துவிட்டேன். விடியும் முன்பே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கினேன். மீன்காரம்மா அஞ்சலாட்சி, "இன்னா பெரியவரே, விருந்தாளியா?" என்று கேட்டாள். "தங்கச்சி" என்றேன். நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். இரவும் மறுநாள் காலையும் நானே சாப்பிட்டேன்.

நீ லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாய். எந்த மூலை என்று நான் காட்ட வந்தபோது கையைத் தட்டிவிட்டாய். நீயே கண்டுபிடித்தாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை, குனிந்திருந்தாய். இளஞ்செழியன், "அம்மா, அவங்க வீட்ல யாராவது கேட்டா நான் திருப்பிக் குடுத்துடறேன், நீங்க கவலப்படாதீங்க" என்றார். நீ வீட்டை விற்ற அந்தத் தங்கச்சி இப்போது எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்டாய். அவர் சொன்னதைப் பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேள்வி வாய் வரை வந்தது, மூடிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நாற்பது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். செல்வாம்பாள் சாவுக்கு வந்தபோதும் நீ என்னிடம் பேசவில்லை. இந்தத் தடவை ஏறி உட்கார்ந்துவிட்டு ஜன்னல் வழியாக, "வெயில்ல நிக்காத, போ" என்றாய். நான் போகவில்லை. பஸ் திரும்பும் வரை நின்றேன். உன் பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாய், அதையும் பார்த்தேன்.

வீடு அன்று ரொம்ப அமைதியாக இருந்தது. ஊர் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க உன் நம்பர்கூட இல்லை. அதனால் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தாயா?

அண்ணன்

*

காரைக்கால்
19 அக்டோபர் 2024

அண்ணா,

போய்ச் சேர்ந்தேன். இதைக் கேட்க பதினெட்டு நாள் காத்திருந்தாய். பதில் தராமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

அரிகிருஷ்ணனின் தங்கை வீட்டுக்குப் போய் நின்றேன். யார் என்று சொன்னதும் முதலில் கதவைப் பாதி சாத்தினாள். "எங்க அப்பா சாவற வரைக்கும் அந்த மெடல எடுக்கவே இல்லம்மா, துண்டப் பிரிக்கவே இல்ல" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அரிகிருஷ்ணன் உயிரோடு இருக்கிறார். பிரான்சில் ஒரு சின்ன ஊரில். கல்யாணம் ஆகி, மனைவி இறந்து, இப்போது முதியவர்கள் தங்கும் இல்லத்தில் இருக்கிறாராம். போனில் பேசினால் யார் என்று அடிக்கடி கேட்கிறாராம். எழுத்தில் கொடுத்தால் வைத்து வைத்துப் படிப்பார் என்றாள். விலாசம் கொடுத்தாள்.

முதலில் நான்கு பக்கம் எழுதினேன். கிழித்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். அதில் முழுக்க உன்னைக் குற்றம் சொல்லியிருந்தேன். அதையும் கிழித்தேன். கடைசியில் அரைப் பக்கம். உங்கள் வீட்டு மெடல் அசல், நான் அன்றைக்குத் தையல் வகுப்பு வாசலில் சொன்னது தப்பு என்று எழுதினேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, இந்த வயதில்?

என் கடிதத்தோடு உன் செப்டம்பர் மாதக் கடிதத்தையும் வைத்தேன். அச்சு, விரிசல், நாலின் கால், தெரியாது என்று நீ எழுதிய இடம், தாளைத் தலைகீழாகப் பிடித்தது, எல்லாமே அதில் இருந்தது. நகல் எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவருக்கு உன் கையெழுத்தே போகட்டும் என்று அசலையே வைத்து ஒட்டினேன். உன்னைக் கேட்கவில்லை. கோபமா?

தபால் ஆபீஸில் இருந்த பெண் பிரான்சுக்குப் போக மூன்று வாரம் ஆகலாம் என்றாள். அங்கே கடிதத்தைக் கையில் கொடுத்தால், என் பெயர் அவருக்கு நினைவுக்கு வருமா என்று எனக்குத் தெரியாது.

பதில் வந்தால் உனக்கு எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

குஞ்சம்மாள்